கண்ணை மூடிக்கொண்டு ஒரு சண்டை

பாஸ்டருக்கும் பாஸ்டரம்மாவுக்கும் சண்டை வந்தால் இரண்டு பேரும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார்கள். பிறகு கையைக் கோத்துக்கொள்வார்கள். அதன் பிறகுதான் சண்டை.

வேறு வழியும் இல்லை. கல்யாணமான கையோடு, ஊழியத்துக்கென்று கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் வீடு ஆளில்லாமல் இருந்ததே கிடையாது. சொந்த ஊர்ச் சபையிலிருந்து சேவை செய்யவென்று கூட்டம் கூட்டமாக வருவார்கள். டீம் என்று பெயர். ஒரு டீம் பெட்டி கட்டும்போதே அடுத்த டீம் டிக்கெட் எடுத்திருக்கும். அப்படி வந்திருக்கிறவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் வாய்ச்சண்டை போட முடியுமா? அதுவும் ஊழியக்காரர்கள். படுக்கையறையில் கிசுகிசுக்கலாம் என்றால் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் நாம் நலம் விசாரிக்கலாம். ஆகவே மனதில் இருப்பதை உரக்கச் சொல்ல அவர்களுக்கு வாய்த்த ஒரே இடம் சாப்பாட்டு மேசை, ஒரே நேரம் ஜெப நேரம். ஆண்டவரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பக்கத்து நாற்காலிக்காரர் காதில் அது விழுந்தால் அது அவர் பாடு.

"ஆண்டவரே, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது உமக்குத் தெரியும். உம்முடைய ஊழியக்காரருக்கும் தெரியும். அவருக்கு அதைப் பழுதுபார்க்கிற மனதைத் தாரும்" என்று பாஸ்டரம்மா ஜெபிப்பாள். சுற்றி இருப்பவர்கள் உருக்கமாக ஸ்தோத்திரம் சொல்வார்கள். அடுத்து பாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உம்முடைய அடியாளுக்கு இன்னும் அதிகமான பொறுமையைக் கட்டளையிடும் ஆண்டவரே" என்பார். அதற்கும் ஸ்தோத்திரம். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பாப்பாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அம்மா சொல்லும் ஆமென் எவ்வளவு அழுத்தமாக வருகிறது என்பதை வைத்தே அன்றைக்கு ஜெயித்தது யார் என்று அவள் சொல்லிவிடுவாள்.

பாப்பா என்பது கூப்பிடுகிற பெயர்தான். ஆள் அம்மாவைவிட உயரம். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. பிறந்து வளர்ந்தது இங்கேயே என்பதால் இந்த ஊர்ப் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் இன்னமும் மார்க்கெட்டில் நாலு வார்த்தைக்கு மேல் போனால் நாக்கு புரளாது. அதனால் வருகிற டீமுக்கெல்லாம் வாய் இவள்தான். சிறுவர் கூட்டத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும், வயிறு சரியில்லை என்று படுத்தவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்கிறது என்று எடுத்துச் சொல்வதும், வேன் டிரைவரைச் சமாதானப்படுத்துவதும் எல்லாம் பாப்பாவின் தலையில்.

வாய் போவது மட்டுமில்லை, அறையும் போய்விடும். பின்பக்கத்தில் அவளுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. ஒரு கட்டில், ஒரு மேசை, பக்கத்து வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்த ஒரு ஜன்னல். டீம் வந்தால் அது சிஸ்டர்ஸ் ரூம் ஆகிவிடும். அதனால் பாப்பா சுவரில் ஒன்றும் ஒட்டுவதில்லை. புத்தகங்களை அலமாரியில் அடுக்காமல் ஒரு அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தாள். எந்த நேரத்திலும் தூக்கிக்கொண்டு கிளம்ப அதுதான் வசதி.

அப்படிப்பட்டவள் இந்த வருஷம் வாய் திறந்து ஒன்று கேட்டாள். கடைசிப் பரீட்சை வருகிறது. அதில் எடுக்கிற மார்க்கை வைத்துத்தான் மேலே படிப்பு.

"அம்மா, பரீட்சை முடியற வரைக்கும் என் ரூமை மட்டும் யாருக்கும் குடுக்காதே."

"குடுக்க மாட்டேன். வாக்குன்னா வாக்குதான்" என்றாள் பாஸ்டரம்மா. சொல்லும்போது மனதாரத்தான் சொன்னாள். அன்றைக்கே பாஸ்டரிடமும், பரீட்சை முடியும்வரை டீம் கீம் என்று ஒன்றும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பாஸ்டர் தலையாட்டினார். எல்லோரிடமும் அப்படித்தான் ஆட்டுவார்.

ஒரு நாள் சாயங்காலம் பாஸ்டர் போனில் பேசிவிட்டு நேரே சமையலறைக்கு வந்து, கழுவி வைத்த தட்டுகளைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். பாஸ்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கேட்காமல் இந்த மனுஷன் தட்டுத் துடைத்தால் எங்கேயோ எதற்கோ ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். அதே மாதிரிதான் ஆயிற்று. ஊர்ச் சபையில் வேறெங்கோ போக இருந்த ஒரு டீமின் ஏற்பாடு தவறிப்போயிற்றாம். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இங்கே வருகிறார்களாம். ஆறே ஆறு பேர். பரீட்சைக்கு முன்னாடியே திரும்பிவிடுவார்களாம். அதுவும் எப்போது? அடுத்த வாரம்.

பாஸ்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். போன டீமில் வந்து விமானத்தைத் தவறவிட்ட ஒரு தம்பி ஹாலில் உட்கார்ந்து சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுகிற மாதிரி எதையும் பேச முடியாது. சாப்பாட்டு நேரம் வரட்டும் என்று இருந்தாள்.

வந்தது. கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, நீர் வாக்கு மாறாதவர். சொன்னால் சொன்னதுதான். மனுஷர் அப்படி இல்லை. தலையை ஆட்டுகிறார்கள், போன் வந்தால் மறந்துபோகிறார்கள். பின் அறையைப் பற்றி மட்டும் உம்முடைய அடியாள் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதாக இல்லை ஆண்டவரே."

"வாசலில் வந்து நிற்கிறவரைத் திருப்பி அனுப்பாத இருதயத்தை எங்களுக்குத் தாரும்" என்றார் பாஸ்டர். பிறகு ஒரு தடவை கனைத்துக்கொண்டார். "பின் அறை நீங்கலாக" என்று முடித்தார்.

ஸ்தோத்திரம் என்றான் சாக்ஸ் தம்பி. பாஸ்டரம்மா சொன்ன ஆமெனில் மேசைமேல் இருந்த கரண்டி அதிர்ந்தது. பாப்பா முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

ஆறு பேர் என்றது பேச்சுக்குத்தான். வேன் வாசலில் வந்து நின்றதும் ஆட்கள் இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தார்கள். பாஸ்டரம்மா எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டு உலையில் இன்னும் கொஞ்சம் அரிசியைப் போடப் போய்விட்டாள். டீமுக்குத் தலைவர் பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் மேனேஜர்தான். எங்கே நின்றாலும் இரண்டு கையையும் தட்டி, "கமான், கமான், என்ன அடுத்து?" என்பார். கிட்டாரும் கையுமாக ஒருவன் இறங்கினான். பெட்டி நிறையப் பொம்மை கொண்டுவந்தவர்கள் இறங்கினார்கள். கடைசியாக இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து ஒரு அம்மாளை இறக்கினார்கள். ஞாயிறு பள்ளி டீச்சர். எல்லோருக்கும் டீச்சர். அவருக்கு முட்டிவலி.

டீச்சர் மெதுவாக நடந்து ஹாலுக்குள் வந்தார். தரையில் வரிசையாக விரித்திருந்த மெத்தைகளைப் பார்த்தார். அப்புறம் தன் முட்டியைப் பார்த்தார்.

"கீழ உக்காந்தா எழுந்திரிக்கறது கஷ்டம். பரவாயில்லம்மா, நான் இப்படி நாற்காலியிலயே சாஞ்சு தூங்கிக்கறேன்."

இந்த இடத்தில் பாஸ்டர் வாயைத் திறப்பார், அவரை ஒரு முறைப்பு முறைக்கலாம் என்று பாஸ்டரம்மா தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தது இவள் வாய்.

"அதெல்லாம் வேணாம் டீச்சர். பின்னாடி ஒரு கட்டில் இருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. பாஸ்டர் திரும்பி அவளைப் பார்த்தார். கையில் யாருடைய பெட்டியையோ தூக்கிக்கொண்டு பாப்பா வாசலில் நின்றிருந்தாள். அவளும் பார்த்தாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். போன வேகத்தில் அட்டைப்பெட்டியும் தலையணையுமாகத் திரும்பி வந்து, துணி துவைக்கிற மிஷினும் அரிசி மூட்டையும் இருக்கிற ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்துகொண்டாள்.

பரீட்சைக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் இவர்கள் போய்விடுவார்களே என்று பாஸ்டரம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர அன்றைக்கு அவளால் பாப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

நேரம் எங்கே இருந்தது? விடிவதற்கு முன்பே இரண்டு பேர் டீக்காகச் சமையலறை வாசலில் நிற்பார்கள். ஒருவருக்குச் சர்க்கரை கூடாது, இன்னொருவருக்குப் பால் கூடாது, மேனேஜருக்கு ஆறினால் கூடாது. எல்லோரும் குளித்து முடிப்பதற்குள் மாடித் தொட்டி காலியாகிவிடும், சோப்பு நுரையோடு ஒருவர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "அக்கா, தண்ணி" என்பார். மோட்டார் போட்டுவிட்டு வந்தால் கிட்டார்காரன் சட்டைக்கு இஸ்திரி போட, உள்ளே யாரோ வெந்நீருக்கு ஹீட்டர் போட, வீடே இருண்டுவிடும். ஃபியூஸ் கட்டை மாற்ற பாஸ்டரம்மா ஸ்டூல் மேல் ஏறி நிற்கும்போதுதான் மேனேஜர் வந்து அன்றைய நிகழ்ச்சி நிரலைப் பற்றி நிதானமாகப் பேசுவார். "சிஸ்டர், நாங்க உங்களுக்குப் பாரமா இருக்கக்கூடாது. எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நாங்க செய்யறோம்" என்பார். சாப்பிட்ட தட்டை எங்கே வைப்பது என்று ஒருநாளும் அவருக்குத் தெரிந்ததில்லை.

அவர்கள் செய்ய வந்த வேலை ஆராதனைக் கூடத்துக்கு வர்ணம் அடிப்பதும் சாயங்காலம் சிறுவர் கூட்டம் நடத்துவதும். கூடத்துக்கு ஏற்கெனவே போன தடவை வந்த டீம் வர்ணம் அடித்துவிட்டுப் போயிருந்தது. வந்தவர்கள் கையை வீசிக்கொண்டு திரும்பக் கூடாதே என்று பாஸ்டர் இந்தத் தடவை இளநீலம் என்றார். அதற்கும் முந்தின தடவையும் இளநீலம்தான். சுவரில் பாதி ஏறியது, மீதி தரையில் சிந்தியது. சிந்தியதை மண்டியிட்டுச் சுரண்டியவள் பாஸ்டரம்மா. அவள் ஜெபத்திலே இருக்கிறாள் என்று நினைத்து இரண்டு பேர் பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் முழங்காலிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் கழிவறை அடைத்துக்கொண்டது. வந்தவர்களில் யாரோ முகம் துடைக்கிற ஈரக் காகிதத்தை எல்லாம் உள்ளே போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பிளம்பருக்குச் சொல்லி அனுப்பினால் மறுநாள் வருகிறேன் என்றான். மறுநாள் வரை இத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாஸ்டரம்மா கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, நீளக் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். வெளியே ஒருவர் அவசரத்தில் ஒற்றைக்காலை மாற்றி மாற்றி நின்றார். யூனிஃபார்மும் தோளில் பையுமாகப் பாப்பா வந்து கதவருகில் நின்று ஏதோ சொன்னாள். பரீட்சை என்பது மட்டும் காதில் விழுந்தது.

"சரிடா கண்ணு, நல்லாப் படி. அந்த வாளியை இப்படித் தள்ளு."

பாப்பா கொஞ்ச நேரம் நின்றாள். வாளியைத் தள்ளினாள். போய்விட்டாள்.

அன்றைக்கு அவள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். பாஸ்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சிறுவர் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க மேனேஜர் தெருவில் இறங்கிச் சைகையிலேயே பேசப்போக, யாரோ ஒரு மளிகைக்கடைக்காரர் அவரைக் காது கேளாதவர் என்று நினைத்து இரக்கப்பட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். அங்கிருந்து திரும்பி வந்த மேனேஜர் பாப்பாவைப் பார்த்ததும் கையைத் தட்டினார். அவள் பையை இறக்கி வைப்பதற்குள் அவளைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாளும் மத்தியானமே வந்தாள். ஸ்கூலில் ஏதோ அரை நாளாக்கும் என்று பாஸ்டரம்மா நினைத்துக்கொண்டாள். கேட்க வேண்டும் என்றும் நினைத்தாள். கேட்கப் போன நேரத்தில் கிட்டார்காரனின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. வீடே தலைகீழானது. கடைசியில் அது சிறுவர் கூட்டத்தில் கையில் மாட்டிப் பேசவைக்கிற கழுதைப் பொம்மையின் வயிற்றுக்குள் இருந்தது.

"பாப்பாவை மத்தியானமே எங்களிடம் அனுப்பி வைத்த உம்முடைய கிருபைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று பாஸ்டர் அன்றைய சாப்பாட்டு ஜெபத்தில் சொன்னார். பாஸ்டரம்மா மனப்பூர்வமாக ஆமென் சொன்னாள்.

ஸ்டோர் ரூமில் பாப்பா அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து படித்தாள். மிஷின் சுற்றும்போது அது ஆடும், மூட்டை ஆடும், புத்தகமும் ஆடும். துண்டு எடுக்க வருகிறவர்கள், "சாரி பாப்பா, படிக்கிறியா? படி, படி" என்று சொல்லிவிட்டு, என்ன படிக்கிறாய், பெரியவளாகி என்ன ஆகப்போகிறாய், இந்த ஊரில் குளிர் எப்படி என்றெல்லாம் நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். சாயங்காலமானால் கழுதைப் பொம்மை பேசுவதை எல்லாம் அவள் இந்த ஊர்ப் பேச்சில் சொல்ல வேண்டும். நாலு நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. டீச்சர் அவள்மேல் பிரியப்பட்டு மிளகு மிட்டாய் கொடுத்தார்.

டீம் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது நன்றி ஜெபம் செய்வது இந்த வீட்டு வழக்கம். மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக வாய் விட்டு நன்றி சொல்லி வர வேண்டும். சோறும் பருப்பும் அவித்த முட்டையும் நடுவில் ஆறிக்கொண்டிருக்கும். ஆறினால் கூடாது என்கிற மேனேஜர்தான் எல்லோரையும்விட நீளமாக ஜெபித்தார். இளநீலச் சுவருக்காக நன்றி சொன்னார். மளிகைக்கடைக்காரருக்காகவும் சொன்னார். கிட்டார்காரன் பாஸ்போர்ட்டுக்காக நன்றி சொன்னான். டீச்சர் முறை வந்தது.

"எனக்குன்னே காத்திருந்த மாதிரி ஒரு கட்டிலை ஆயத்தம் பண்ணி வச்சிருந்தீரே ஆண்டவரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம்" என்றார்.

அடுத்தது பாப்பா. வழக்கமாக அவள் ஒரே வரியில் முடித்துவிடுவாள். தொண்டை கட்டியிருந்ததால் அன்றைக்கு அதுவும் இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"ஆண்டவரே, நன்றி" என்று ஆரம்பித்தாள் பாப்பா. குரல் கரகரவென்று வந்தது. "டீச்சருக்குக் கட்டில் கிடைச்சதுக்கு நன்றி. அவங்க முட்டிவலி குறைஞ்சதுக்கும் நன்றி. ஆண்டவரே, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அடுத்த தடவை இந்த வீட்டுக்கு என்னையும் விருந்தாளியா அனுப்பி வையும்."

"ஸ்தோத்திரம்" என்றது ஒரு குரல்.

"விருந்தாளின்னா கட்டில் கிடைக்குது. எங்க அம்மா பக்கத்துல வந்து உக்காந்து, நல்லாத் தூங்கினீங்களா, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்கன்னு சொல்றாங்க. நான் எப்பவும் அம்மாவோட முதுகுகிட்டதான் பேசறேன். அப்பா என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்றாரு, உம்மகிட்டயும் சொல்றாரு. எங்கிட்டதான் ஒண்ணும் கேக்கறதில்ல. என்னை விருந்தாளியா அனுப்பும் ஆண்டவரே. நானும் இந்த வீட்டுல தங்கிப் பாக்கணும்."

"ஆமென்" என்றான் கிட்டார்காரன், பழக்க தோஷத்தில். அவன் ஆமென் மட்டும் தனியாக நின்றது.

பாஸ்டர் கனைத்தார். இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். "இரக்கமுள்ள ஆண்டவரே, இந்தச் சிறுபிள்ளையின் விண்ணப்பத்தை..." என்று தொடங்கினார்.

பாஸ்டரம்மா கண்ணைத் திறந்தாள். ஜெபத்தின் நடுவில் அவள் கண் திறந்தது இதுதான் முதல் தடவை. மேசையைச் சுற்றி எல்லோரும் இமையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வார்த்தை தேடிக்கொண்டிருந்தார் பாஸ்டர். திறந்திருந்தது பாப்பாவின் கண் மட்டும்தான். அது அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெபம் முழுக்க அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்.

"நிறுத்துங்க" என்றாள் பாஸ்டரம்மா.

பாஸ்டர் வாய் நின்றது. கண் திறக்கவில்லை.

"கண்ணைத் திறங்க. அவ ஆண்டவர்கிட்ட கேக்கல. நம்மகிட்ட கேக்கறா."

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். கூடவே மேசையில் அத்தனை கண்ணும் திறந்தது. திறந்த பிறகு எங்கே பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேனேஜர் முட்டையைப் பார்த்தார். பாஸ்டர் மகளைப் பார்த்தார். கண்ணைத் திறந்துகொண்டு வீட்டு விஷயம் பேசிப் பழக்கமில்லாத மனுஷன், என்ன பேசுவது என்று தடுமாறி, கடைசியில் நியாயமான ஒரு கேள்வியைத்தான் கேட்டார்.

"பரீட்சை எப்பம்மா ஆரம்பிக்குது?"

"ஆரம்பிச்சாச்சுப்பா."

"எப்போ?"

"நான் மத்தியானமே வீட்டுக்கு வந்தேனே, அன்னிக்கு. பரீட்சை நாள்ல எழுதி முடிச்சதும் அனுப்பிடுவாங்க. தேதியை முன்னாடி தள்ளிட்டாங்க. அம்மாகிட்ட சொன்னேன். சரின்னாங்க. வாளியைத் தள்ளச் சொன்னாங்க."

பாஸ்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஈரக் காகிதத்தைப் போட்டவர்மேல் கோபம், தட்டுத் துடைக்கிற புருஷன்மேல் கோபம், கைதட்டுகிற மேனேஜர்மேல், இளநீலத்தின்மேல், கழுதைப் பொம்மையின்மேல். ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்துவிட்டுக் கோபம் கடைசியில் அவளிடமே வந்து நின்றது. வாக்கு கொடுத்தவள் அவள்தான். கட்டில் இருக்கிறது என்று சொன்னவளும் அவள்தான். பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு வந்து வாசலில் நின்றபோது ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவளும் அவள்தான். அதற்கு ஆமென் வேறு.

"இன்னும் எத்தனை பாக்கி இருக்கு?" என்று கேட்டாள்.

"கணக்கு மட்டும்தான். நாளைக்கு."

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "யாராவது என் பெட்டியை அந்த ரூம்லேருந்து எடுத்துட்டு வாங்கப்பா" என்றார்.

"பரவாயில்ல டீச்சர், நீங்க..." என்று ஆரம்பித்தாள் பாஸ்டரம்மா.

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேசையே அவளைப் பார்த்தது.

"ஏம்மா, இன்னுமா?" என்றார் டீச்சர்.

பாஸ்டரம்மாவுக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வாயை நம்பி இனி ஒரு வாக்கும் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. அப்போது பாஸ்டர் எழுந்தார். "டீச்சர், நீங்க எங்க ரூம்ல எங்க கட்டில்ல படுத்துக்குங்க. நாங்க ரெண்டு பேரும் ஸ்டோர் ரூமுக்குப் போயிடறோம்" என்றார்.

எல்லோரும் சரி என்றார்கள். எவ்வளவு சுலபமான யோசனை. வருஷக்கணக்காக இத்தனை டீம் வந்து போயிருக்கிறது, எத்தனையோ முட்டிவலி வந்து போயிருக்கிறது, ஒரு தடவைகூட இது ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று பாஸ்டரம்மா திகைத்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் இரண்டு பேருடைய கட்டில் ஊழியக்காரர் கட்டில். பாப்பாவின் கட்டில்தான் எப்போதும் காலிக் கட்டில்.

பாஸ்டரே ஸ்டோர் ரூமுக்குப் போய் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாப்பா பின்னாலேயே தலையணையுடன் போனாள். அறைக்கதவு சாத்திக்கொண்டது. மேனேஜர் வழக்கம்போலக் கையைத் தட்டப் போனவர், தட்டாமல் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாத்திரங்களை எல்லாம் தாங்களே கழுவுவதாக மெல்லிய குரலில் அறிவித்தார். எல்லோரும் சந்தடியில்லாமல் சாப்பிட்டார்கள்.

பாஸ்டரம்மா ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு பின் அறை வாசலுக்குப் போனாள். போய் நின்றாள். அந்தக் கதவை அவள் எத்தனையோ தடவை தட்டியிருக்கிறாள். டீ கொண்டுவந்திருக்கிறேன் சிஸ்டர், வெந்நீர் ரெடி சிஸ்டர் என்று. உள்ளே பாப்பா இருக்கும்போது தட்டியதே இல்லை. திறந்துகொண்டு போய், தேவையானதை எடுத்துக்கொண்டு, பேசியபடியே திரும்பிவிடுவாள். இப்போது விரலை மடக்கிக் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான். வரலாமா?"

"வாம்மா" என்றாள் பாப்பா.

கணக்குப் புத்தகம் கட்டிலில் விரிந்து கிடந்தது. அட்டைப்பெட்டியை அவள் இன்னும் பிரிக்கவில்லை. பாஸ்டரம்மா தட்டை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். விருந்தாளிகளிடம் பேச அவளிடம் மூட்டை மூட்டையாகப் பேச்சு உண்டு. சொந்த மகளிடம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"உக்காரும்மா" என்றாள் பாப்பா.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எழுதின பரீட்சை எல்லாம் எப்படி இருந்தது?"

"முதல் நாள் நல்லா எழுதினேன். மூணாவது நாள்தான் கொஞ்சம் சொதப்பல். அதுக்கு முந்தின நாள் பாஸ்போர்ட் தேடினோமே."

"ம்" என்றாள் பாஸ்டரம்மா. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஜெபமாக இருந்தால் சரளமாக வந்திருக்கும். கண்ணைத் திறந்துகொண்டு சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து, "தப்பு என்மேலதான்டி" என்றாள்.

பாப்பா கையை உருவிக்கொள்ளவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

சமையலறையில் ஏதோ உருண்டு விழுந்தது. ஹாலைத் தாண்டி ஒரு குரல் வந்தது. "அக்கா, கேஸ் தீர்ந்துபோச்சு. அக்கா, வேற சிலிண்டர் எங்க இருக்கு?"

பாஸ்டரம்மாவின் கால் தானாகவே எழுந்துவிட்டது. பாதி எழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பாப்பா அவளையே பார்த்தாள். பாஸ்டரம்மா மறுபடி உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஓரத்தில் இல்லை, காலைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டுக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் வீட்ல இல்லன்னு சொல்லுங்க" என்று உள்ளே இருந்தே சத்தம் போட்டாள்.

வெளியே பாஸ்டரின் குரல், பிரசங்கத்துக்கு எழுந்து நிற்பவர் குரல் மாதிரி நிதானமாகக் கேட்டது.

"அவங்க வீட்ல இல்ல. என்ன வேணும், எங்கிட்ட சொல்லுங்க."

சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. பின்கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஏதோ ஒரு வாளி உருண்டு ஓடியது. பாப்பா புத்தகத்தை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டு, அம்மா உட்கார்ந்திருப்பதை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.